நாலு சென்டிமீட்டர்

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் தூறல். மலை உச்சி மேகத்துக்குள். பத்தாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் 17.

மாலை மல்லிகா போன். போளூரிலிருந்து, என் கணவரின் தங்கை. மகள் கல்யாணத்துக்குச் சரியாக இரண்டு வாரம்.

"அண்ணி, தாய்மாமன்தான் பொண்ணு கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டினு வரணும். அண்ணன் இல்லன்னா மாப்ள வூட்ல ஆயிரம் கேப்பாங்க."

அவரிடம் சொன்னேன். "நீ போய்ட்டு வா. நான் வூட்ல இருக்கேன்."

மார்ச்சில் இடுப்பெலும்பு அறுவை. இப்போது தடியூன்றி நன்றாகவே நடக்கிறார். உயரமான எங்கள் வண்டியில் ஏறுவதுதான் முடியவில்லை. ஏப்ரலில் மருத்துவமனை வாசலில் மூன்று பேர் சேர்ந்து தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். "புடி, புடி, தலைய பாத்து." வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை. கடைக்கும் போவதில்லை. அடுத்த பரிசோதனைக்கு மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 22

யோசித்தவை:

பக்கப்படி - ஏற்கெனவே வாங்கி மாட்டியாயிற்று. அதில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். முடியாது.
வாடகைக்குச் சின்ன கார் - சீட் பள்ளம். முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்று மருத்துவர்.
ஆட்டோ - குலுங்கும்.
இரண்டு பேர் பிடித்து ஏற்றுவது - இந்த வார்த்தையை வீட்டில் எடுக்கவே முடியாது.

பால் திரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். துணி ஊறவைத்துவிட்டுத் திரும்பினால், கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் அவர். பேப்பர் படிக்கிறார். தடி சுவரில். யாரும் பிடிக்கவில்லை. பின்பக்கம் கல்லில் பட நின்று, அப்படியே உட்கார்ந்து, கால்களைத் திருப்பியிருக்கிறார். பிசியோதெரபி பயிற்சி கொடுக்க வரும் பெண் காரில் உட்காரச் சொல்லிக்கொடுத்த முறையும் அதுதான்.

அவர் எழுந்து போகும்வரை காத்திருந்து தையல் டேப்பை எடுத்தேன். கல் 77 செ.மீ. வண்டியின் முன் சீட் விளிம்பு 81. அவர் உயரம் குறைவு. எம்பினால்தான் 81.

நாலு சென்டிமீட்டர். இவ்வளவுக்கா ஐந்து மாதம்.

ஆகஸ்ட் 25

பள்ளி விட்டதும் அன்வர் பாய் பட்டறை. வண்டியைக் கீழே இறக்க முடியுமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர், பசங்கதான் இத கேட்டு வருவாங்க. நீங்களுமா?"

காரணம் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அப்போ ஜாஸ்தி யோசிக்க வேணாம். ஸ்பிரிங்க ஒரு சுத்து வெட்டிடலாம். அர நாள் வேல."

வெட்டின ஸ்பிரிங், வண்டி குழியில் இறங்கும்போது அது உட்காரும் இடத்தை விட்டு நழுவாதா என்றேன். நழுவலாம் என்றார். பிறகு ஏன் சொன்னீர்கள்? "எல்லாரும் அததான் கேக்குறாங்க."

குட்டை ஸ்பிரிங் செட்டாகவே சென்னையில் கிடைக்குமாம். ஆறு செ.மீ. இறக்குவது ஒன்று, நாலு இறக்குவது ஒன்று. வேகத்தடையில் அடி தட்டும் என்று அவர் பயம். எனக்கும்தான். அளக்காமல் பயப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆகஸ்ட் 26

காலை ஆறேகாலுக்கு வேங்கிக்கால் சாலையில் ஸ்கேலுடன். வேகத்தடை 10 செ.மீ. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, ரோடு அகலப்படுத்துறாங்களா? கடைய இடிச்சிடுவாங்களா?"

இல்லை, சொந்த வேலை என்றேன். நம்பவில்லை. "எதுனாலும் முன்னாடியே சொல்லிடுங்கம்மா."

ஆகஸ்ட் 27

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை 31. நான்கு வெடித்தன.

மதியம் கணக்கு. ஏறும்போது வண்டி காலி. ஓடும்போது, அதிகபட்சமாக, ஆறு பேரும் சாமானும். இரண்டையும் ஒரே அளவாக நினைத்துத்தான் நானும் பாயும் பயந்திருக்கிறோம். இப்போதுள்ள ஸ்பிரிங் ஆறு பேர் பாரத்தில் 6 செ.மீ. அமுங்குகிறது (போன தீபாவளிக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்த போட்டோவில் சக்கர வளைவை வைத்து ஏறக்குறைய). அப்போது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 15. குட்டை ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி. அதே பாரத்தில் 4தான் அமுங்கும். ஆக, காலியாக நிற்கும்போது 4 செ.மீ. தாழ்வு, ஆள் ஏறிய பிறகு 2தான் தாழ்வு. 13 மிஞ்சும். வேகத்தடை 10. போதும்.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிற இயற்பியல் பாடம். வீட்டுக்குப் பயன்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 28

பாயிடம் கணக்குப் போட்ட தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். எனக்குக் காது சூடானது. திரும்பி மலையைப் பார்த்தேன்.

ஷாக் அப்சார்பரில் சண்டை. பழையதே இருக்கட்டும் என்றேன். "அது இந்தக் கெட்டி ஸ்பிரிங்க அடக்காது டீச்சர், குதிக்கும்." அவர் சொன்னது சரி. குட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்ற குட்டை ஷாக். அதிலும் இரண்டு ரகம். கடினமானது வேண்டாம், ஒவ்வொரு குழியும் நேராக இடுப்புக்குப் போகும். மெத்தென்று அமுங்கி, மேலே எழும்பும்போது பிடித்து நிதானமாக வருவதுதான் வேண்டும். இதில் பாய் ஒப்புக்கொண்டார். சண்டையில் ஆளுக்கு ஒரு வெற்றி.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்துக் கடிதம்.

இரவுச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். "எனக்காக வண்டிய கெடுக்காத." ஆனால் ரசம் இரண்டாம் தடவை கேட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

பார்சல் வந்து, மாட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்து, மாலை ஐந்தரைக்கு முடிந்தது. சீட் விளிம்பு 77.2. இரண்டு மில்லிமீட்டரை மன்னித்தேன்.

செப்டம்பர் 2

ஆறு பேர் பாரம் வேண்டும். ஆசிரியர் அறையிலிருந்து ஐந்து பேரை ஏற்றினேன். தமிழம்மா முன் சீட்.

"என்ன டீச்சர், ரேஸுக்குக் கிளம்பிட்டீங்க போல."

"பேசாம உக்காருங்கடி, வெயிட்டுக்குத்தான் கூப்டிருக்காங்க" என்று பின்னால் கணக்கு டீச்சர்.

அடி அண்ணாமலை வரை போய்த் திரும்பினோம். வேகத்தடை பதினொன்று. ஒன்றில்கூடத் தட்டவில்லை. பதினொன்றாவதில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 3

வண்டி வாசலிலேயே நிற்கிறது. அவர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. ஏறிப் பாருங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்க அவர் தடுமாறினால், அதோடு முடிந்தது.

பட்டு வேட்டியை மட்டும் கட்டில் மேல் வைத்தேன். புடவைக்குப் பக்கத்தில், ஏதோ மறந்து வைத்ததுபோல.

மல்லிகாவுக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு மிஸ்டு கால்.

செப்டம்பர் 4, வியாழன்

நாலு மணிக்கே எழுந்தேன். மழை இல்லை. குளித்து வந்தால் கட்டில் மேல் வேட்டி இல்லை.

சீர்த்தட்டு, தேங்காய், மாலைப் பை, தண்ணீர் எல்லாவற்றையும் பின்சீட்டில் வைத்தேன். முன் கதவைத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். கேஸ் மூடி, கொல்லைக் கதவைத் தாழ்போட்டு, அதை மறுபடி ஆட்டிப் பார்த்து, சாமி விளக்கைக் குளிரவைத்து, வேண்டுமென்றே தாமதம். கூடத்தில் நாற்காலி காலி.

வாசலில் ஹாரன். நீளமாக. தெருவே எழுந்திருக்கும்.

ஓடினேன். முன் கதவு சாத்தியிருக்கிறது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார், தடி மடியில், ஒரு கை ஸ்டீயரிங் பக்கம் நீண்டு இன்னும் ஹாரன் மேல்.

"முகூர்த்தம் ஆறரைக்கு. எவ்ளோ நேரம்தான் பூட்டுவ?"