ஜிம்மிக்காக நான் சொன்ன பொய்

போன வாரம் பருத்திப்பட்டு மருந்துக்கடையில் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், தனியாக விட்டால் நாய் பயப்படுகிறது என்று சொல்லி ஒரு சீட்டை நீட்டினாள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு அட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் உன் மேல் கோபமும் வந்துவிட்டது. செத்துப்போனவன் மேல் என்ன கோபம் என்று கேட்காதே. பதில் சொல்லாமல் போனவன் நீ.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நீ இங்கே பக்கத்து நூம்பல்காரன், நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். உன் மனைவியும் வேலைக்குப் போக ஆரம்பித்து, பிள்ளைகள் மூன்றும் பள்ளிக்கூடம் போனபின், பகலில் உன் வீட்டில் உன் நாய் ஜிம்மி மட்டும். காலைச் சங்கு ஊதினால் ஊளையை ஆரம்பிக்கும், சாயங்காலச் சங்கு வரை ஓயாது. கதவைப் பிராண்டி நகமெல்லாம் ரத்தம். தன் வாலையே கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் போனது. பத்து நாளுக்குள் நாயை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அன்று நீ சோறு தொடவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு நானும் கூட வந்தேன். "பைத்தியமெல்லாம் இல்லப்பா. தனியா இருக்க பயம்" என்றார் டாக்டர். மனிதர்களுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், தினம் பாதி கொடு, கூடவே கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே விட்டுப் பழக்கு என்றார். கையில் கிடைத்த வெள்ளைத்தாளில் 'ஜிம்மி, வயது 4' என்று எழுதி, கீழே மருந்தின் பெயரை எழுதினார். அங்கேதான் வந்தது வினை.

"நாலு வயசுக் கொழந்தைக்கு எவன்யா இதை எழுதினது?" என்று மருந்துக்கடைக்காரர் சத்தம் போட்டார். "கொயந்த இல்ல நைனா, நாயி" என்று நீ சொன்னதும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. நம்மைக் கேலி பேச வந்தவர்கள் என்று நினைத்து விரட்டிவிட்டார். திரும்ப ஓடினால் மாட்டு டாக்டர் ஒரு வாரம் லீவில் கிளம்பிப் போயிருந்தார்.

"மச்சான், நம்ம ஆஸ்பத்திரில நீ போய் வாங்கிகினு வா" என்றாய்.

"நீயே போயேன்."

"எனக்கு பொண்டாட்டி கீறா, மூணு புள்ளைங்க கீது. தனியா கீறேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

என் மனைவி தவறிப்போய் அப்போது எட்டு மாதம். "நான் என்னலே சொல்ல?" என்றேன்.

"ஜிம்மி இன்னா பண்ணுதோ, அத்தயே நீ பண்றேன்னு சொல்லு."

தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டரிடம் அப்படியே ஒப்பித்தேன். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாய்விட்டு அழவேண்டும்போல் இருக்கிறது. எதுவரை ஜிம்மியைச் சொன்னேன், எங்கிருந்து என்னைச் சொன்னேன் என்று எனக்கே பிடிபடவில்லை. அவர் எழுதியதும் அதே மாத்திரை. தூக்கம் வரும் என்று என்னை மெஷினிலிருந்து ஸ்டோருக்கு வேறு மாற்றிவிட்டார்கள்.

நீ ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து, கருவாட்டுச் சோற்றில் உருட்டி ஜிம்மிக்குக் கொடுத்தாய். மற்ற அட்டைகளை என் சட்டைப்பையில் திணித்தாய்.

"நாய் மருந்தை நான் திங்கவா?"

"மன்சன் மருந்ததான் நாய் துன்னுது, மச்சான்."

தின்றேன். நோட்டீஸ் கெடு முடிவதற்குள் ஊளை பாதியாகக் குறைந்தது. அதனால் ஆபீஸ்காரர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீ ஜிம்மியைத் தனியே விட்டுப் பழக்கினாய். லீவு நாட்களில் என்னை அதனோடு உட்காரச் சொன்னாய். நானும் தூங்க ஆரம்பித்திருந்தேன். மாத்திரையாலா, என் கால்மேல் தலை வைத்துப் படுத்துக் கிடந்த அந்த நாயாலா? யாருக்குத் தெரியும்.

உன் காரியத்தன்று நான் அந்தப் பழைய மாத்திரைக் கதையை எடுத்ததும் உன் மனைவி சொன்னாள்: "ஜிம்மி மாத்திரையா? அத்த அவுரு மாட்டாஸ்பத்திரிக்கு போன அன்னிக்கே அம்பத்தூர்ல வாங்கிகினு வந்துட்டாரே, அண்ணே." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே, "இல்ல, அது ரெண்டாந்தபா வாங்கனதோ? நெனப்பில்ல" என்றாள்.

அப்படியானால் என்னை யாருக்காக அனுப்பினாய்? நாய்க்காகத்தான் என்றால் நான் ஏன் இப்படி மனதைக் குழப்பிக்கொள்கிறேன்? எனக்காக என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே, படவா. சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்றும் தெரியவில்லை.

நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அந்தத் தொழிற்சாலை டாக்டர் கடைசியாக, "பார்த்துக்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ஜிம்மியை வைத்துப் பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "பக்கத்து வீட்ல ஒருத்தன் இருக்கான் சார்" என்றேன். இப்போதும் எந்த டாக்டர் கேட்டாலும் வாயில் அதுதான் வருகிறது. நீ இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.