அப்பாவின் வயர்லெஸ்ஸும் என் வைஃபையும்

அன்பு மகள் மீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீ அந்தப் பனிக்குள்ளே கைகால் விறைக்காமல் நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போன் எடுக்காத இடத்தில் பனிப்பாறை அளக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய், கீழே இறங்கி வந்ததும் முதலில் இதைப் படி. எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், மாடி வீட்டு சொர்ணம்மாவிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது, மூன்றாம் தடவை போனால் கதவைத் திறக்க மாட்டாள். பத்து நாளாக மழை, கடல் சரியில்லை என்று மெயின்லேண்ட் கப்பல் போர்ட் பிளேருக்கு வரவில்லை, தக்காளி கண்ணில் பட்டே ஒரு வாரமாகிறது, ஆனால் அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும், உன் அம்மா நீ விட்டுப்போன லேப்டாப்பில் வைஃபை வரவைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்குக் குரல் தேர்வு என்று பெயர் கொடுத்தவள் நீதானே. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற அந்த கோயம்புத்தூர்க்காரர்கள், கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், வாசிக்க வேண்டிய பக்கம் திரையில் வரும், தவறவிட்டால் இனி அடுத்த வருஷம்தான் என்று எழுதியிருந்தார்கள். புதன்கிழமை ஒத்திகை பார்க்கலாமென்று திறந்தால், நீ ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் புதுசாகப் போட்டுக் கொடுத்த லினக்ஸ் ஜம்மென்று வருகிறது, வைஃபை அடையாளத்தை மட்டும் காணோம். அன்றைக்கு அதை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அப்பா விடுவாரா, போலீஸ் வயர்லெஸ்ஸில் முப்பத்தொரு வருஷம், அதில் எட்டு வருஷம் நிக்கோபார் தீவுக் கோடியில் கேம்பல் பேயில் தனியாக உட்கார்ந்து செட்டைக் கட்டி மேய்த்தவர், வயர்லெஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். சிக்னல் இல்லை என்று ஹாலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மொட்டை மாடிக்கு, மழையில் அதற்குக் குடை பிடித்தபடி. இரண்டு நாள் என்னைத் தொடவிடவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வந்ததும் நான் பிடுங்கிக்கொண்டு அபர்டீன் பஜாருக்கு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்தவுடனே, இது லினக்ஸ் ஆன்ட்டி, விண்டோஸ் டால் தேங்கே, சப் டீக் ஹோ ஜாயேகா என்றார், விண்டோஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்றும் சொன்னார். உன் ஆராய்ச்சிப் படங்களெல்லாம் அதில்தானே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஆட்டோவில் வரும்போது அழுகை வந்துவிட்டது மீனா, ஒரு நல்ல காரியம் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறதே என்று.

அப்புறம் வந்தது ஒரு வீம்பு. அப்பா போனில் நானே தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தான், வைஃபை சிப்பை வேலை செய்யவைக்கிற டிரைவர் உள்ளே இல்லையாம், அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டுமாம். இன்டர்நெட்டுக்குத்தானே ஐயா வைஃபையே கேட்கிறேன் என்று போனைப் பார்த்தே சண்டை போட்டேன். கொஞ்சம் கீழே போனால் அதற்கும் வழி சொல்லியிருந்தான், போனை சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டால் போனுடைய நெட் ஒயர் வழியே லேப்டாப்புக்குப் போய்விடுமாம். எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு சனிக்கிழமை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். மாட்டினேன், வந்தது. டிரைவர் பட்டியலில் ஒன்றே ஒன்று தேர்ந்தெடுக்காமல் கிடந்தது, அதைத் தட்டி, உன் பாஸ்வேர்டைப் போட்டேன். சுண்டைக்காய்வத்தல் என்று யாராவது பாஸ்வேர்டு வைப்பார்களா, இங்கிலீஷ் எழுத்தில் நாலு தடவை தப்பாக அடித்தேன். நம் வீட்டுக்குள் போன் நெட் நொண்டும் என்று உனக்குத் தெரியும், அது இறங்கி முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அந்த லட்சணத்தில் அதை நம்பித் தேர்வில் உட்கார முடியாது. ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை அடையாளம் வந்தே விட்டது, ஆனால் பக்கத்தில் ஏரோப்ளேன் மோடு போட்டிருக்கிறது, ஹார்டுவேர் ஸ்விட்ச்சால் எடுக்கவும் என்று ஒரு வரி. மணி பத்தே முக்கால். திரை முழுக்கத் தேடிவிட்டேன், அப்படி ஒரு ஸ்விட்ச் இல்லை.

லேப்டாப்பைப் பிடுங்கியதிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை, பால்கனியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வரியைச் சத்தமாக வாசித்ததும் எழுந்து வந்தார். "செல்லம், ஹார்டுவேர்னா திரைக்குள்ள தேடக் கூடாது, கைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். முன்பக்கம், அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு ஸ்விட்ச். தள்ளினார். ஆரஞ்சு விளக்கு நீலமானது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைஃபை பெயர்கள் வந்து விழுந்தன, பப்பு கா வைஃபை, திருடாதே என்று அர்த்தம் வருகிற மத் சுராவ், கணபதி பிரதர்ஸ் என்று அப்பா ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க நான் அவர் கையில் தட்டினேன், இரண்டு பேர் கையிலும் பூண்டு வாசம், லேப்டாப்பிலும்தான், மன்னித்துக்கொள். மாடியில் குடை பிடித்ததெல்லாம் இந்த ஸ்விட்ச்சுக்காகவா என்று கேட்டேன். டிரைவர் நீ போட்டாய், ஸ்விட்ச் நான் போட்டேன், கணக்கு நேர் என்றார்.

நம் வீட்டு வைஃபையைத் தட்டி, பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தேர்வுக்குள் போனேன். தேர்வு நடத்திய அம்மாள் பெயர் வைஜெயந்தி, நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்டார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து, "ரோஜர், லவுட் அண்ட் கிளியர்" என்று ஒரு குரல். எனக்கு மானமே போயிற்று. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் என் பயமும் போயிற்று. எட்டாம் வகுப்பு அறிவியல், ஒலி பற்றிய பாடம், வெளியே மழை கொட்டுகிறது, நான் பாட்டுக்கு வாசித்தேன். நடுவில் நிறுத்தி, முதல் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள், போச்சு என்று நினைத்தேன். வாசித்து முடித்ததும், "இப்படியே வாசிங்க, பிள்ளைங்க கூடவே வருவாங்க" என்றார்கள். தேர்வாகிவிட்டேன் மீனா. முதல் புத்தகம் ஒன்பதாம் வகுப்பு புவியியல், திங்கட்கிழமை தொடக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈர சாக்ஸோடு தூங்காதே, உன்னோடு வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் நான் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைக் கொடு. மலையும் பனியும் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் அனுப்பட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் கூட இருக்கிறது. மறக்காமல் பாஸ்வேர்டைச் சின்னதாக மாற்றுவது எப்படி என்று எழுது. இன்னும் ஒன்று, அவர்கள் அனுப்பிய படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. இத்தனை வருஷம் எந்தப் படிவத்திலும் யோசிக்காமல் இல்லத்தரசி என்று எழுதிவிடுவேன். இன்றைக்குக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசிப்பாளர் என்று அடித்தேன். அப்பா பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை இல்லை என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லம்
குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்