முதல் குடம் யார் வீட்டுக்கு?

என் பிரியமுள்ள மாப்பிள்ளை சங்கையா,

நீ போய் ஆறு வருசமாகிறது. இத்தனை நாளும் குழாயடியில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது கோவில்பட்டியை விட்டே போகப்போகிறேன். போகிற இடத்திலிருந்து பேசினால் உனக்குக் கேட்குமோ கேட்காதோ. அதனால்தான் எழுத வைக்கிறேன்.

எழுதுகிறவள் யார் தெரியுமா? மூன்றாம் வீட்டுத் தையல்காரி செல்வி. வேறு ஆள் கிடைக்கவில்லை. இவளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதையும் இவள் கையாலேயே எழுத வேண்டியதாகிவிட்டது. நாலு வரிக்கு ஒருதரம் படித்துக் காட்டச் சொல்கிறேன். ஒரு சொல்லை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று இவளுக்குத் தெரியும்.

சேதி இதுதான். போன மாதம் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளே ஓசூரிலிருந்து என் மகன் முருகன் வந்து நின்றுவிட்டான். "அம்மாவும் போயாச்சு, இங்கன தனியா என்ன பண்ணுதீங்க? அங்கன குழாயைத் திறந்தா எந்நேரமும் தண்ணி வரும்ப்பா" என்கிறான். எந்நேரமும் தண்ணீர் வருகிற ஊரில் எனக்கு என்ன வேலை, மாப்பிள்ளை? அவன் என்னை எதற்குக் கூப்பிடுகிறான் என்று இன்னும் பிடிபடவில்லை.

நான் விழுந்ததை அவனுக்குச் சொன்னது யார் என்று விசாரித்தேன். இவள்தான்.

"ஏட்டி, என்னைய ஊரை விட்டு அனுப்புததுல உனக்கு என்னட்டி லாபம்?"

"ஆமா, உங்க அரண்மனையை நான் எழுதி வாங்கப்போறேன். கீழ கிடந்தவரைத் தூக்குனது நானு. நாளைக்கு நான் இல்லாத நேரம் விழுந்தா யாரு பாக்கது பெரியப்பா?"

பதில் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிற பதிலை நான் சட்டென்று நம்புவதில்லை. உனக்குத் தெரியாதா? நாகலாபுரத்துப் பக்கம் மழை பொய்த்து, பருத்தி கருகி, ஒரு சாக்கு மூட்டையோடு இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கிய அன்று, "என்ன வேய், யாரைத் தேடுதீரு?" என்று நீதான் முதலில் கேட்டாய். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாய் என்று நான் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நீ சிரித்துவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னாய். தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குகிற அறையில் வேலை வாங்கித் தந்தாய். உன் வளவிலேயே வீடும் பிடித்துக் கொடுத்தாய். அந்த டீயில் ஏதாவது கலந்திருக்கிறாயோ என்று நான் முதலில் மோந்து பார்த்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வளவு அப்படியேதான் இருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் நடுமுற்றத்தில் அந்த ஒரே குழாய். இப்போதும் எட்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். முதலில் பிடிக்கிற வீட்டுக்கு வருகிற வேகம் கடைசியில் பிடிக்கிற வீட்டுக்கு வராது. அதற்காக நடந்த சண்டையில் எத்தனை குடம் நெளிந்தது! அப்போது நீதான் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாய்: "எழுதி வச்சா ராத்திரியோட ராத்திரியா எவனாவது அடிச்சுத் திருத்திருவான். பெருமாள் மச்சானுக்கு எழுத்து தெரியாது, மறதியும் கிடையாது. முறை அவர் தலைக்குள்ள இருக்கட்டும்." அன்றிலிருந்து இன்றுவரை யார் முதல், யார் கடைசி என்பது என் வாய்ச்சொல்தான்.

பேறு வீட்டுக்கு முதல் குடம், கல்யாண வீட்டுக்கு முதல் குடம், சாவு வீட்டுக்குப் பதினாறு நாள் முதல் குடம். இதுவும் நீ சொன்னதுதான். நீ கண்ணை மூடினபோது உன் வீட்டுக்கு அப்படிக் கொடுத்தேன். பதினாறு முடிந்தது. நான் முடிக்கவில்லை.

"முத்தம்மா தண்ணிக்கு அல்லாடக் கூடாது மச்சான்" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, அதை வைத்துக்கொண்டு நான் எப்படி முடிப்பது? உன் வீட்டுக்காரி மூட்டு வலியோடு கடைசி ஆளாக நின்றால் அரைக் குடம்கூடத் தேறாது. அதனால் பொய் சொன்னேன். போன தடவை குழாய் ரிப்பேர், முறை மாறிப்போச்சு என்பேன். இன்னொருத்தியிடம், நீ கல்யாணத்துக்குப் போயிட்டே, உன் முறை கழிஞ்சிபோச்சு என்பேன். எப்படிச் சுற்றி வந்தாலும் முத்தம்மா வீட்டில் வந்து நிற்கும். ஆறு வருசமாக இந்த ஒரு திருட்டுதான். நம் இரண்டு பேருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் போகிறேன் என்றானதும் வளவின் போக்கே சரியில்லை. இந்தச் செல்வி கேட்காமலே கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைக்கிறாள். பன்னிரண்டாம் வீட்டு மினி பஸ் டிரைவர் மாரியப்பன், என்றும் முறைத்துக்கொண்டு போகிறவன், "சாப்ட்டீங்களா அண்ணாச்சி?" என்கிறான். குழாயடியில் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். நான் போனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள் செல்வி. மாரியப்பன் வாசலில் நின்றுகொண்டான். "முறையைச் சொல்லுங்க பெரியப்பா, எழுதி வச்சுக்கிடுதேன்."

எதற்கு என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது, மாப்பிள்ளை. நான் பஸ் ஏறினதும் நோட்டை விரித்துக் கணக்குப் பார்ப்பார்கள். முத்தம்மாவைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதற்குத்தான் குழம்பு, அதற்குத்தான் சாப்ட்டீங்களா.

சரி, இவர்கள் மனசில் இருப்பதை வெளியே எடுப்போம் என்று நானே ஒரு கண்ணி வைத்தேன். பதினோரு வீட்டையும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவதாக, "முத்தம்மா" என்றேன். யார் முகம் மலருகிறது என்று பார்த்தேன்.

செல்வி பேனாவை நிறுத்திவிட்டாள். "அத்தையை எதுக்குக் கடைசியில போடுதீங்க?"

"முறைன்னா முறைதாம்ட்டி."

"என்னைக்கு நீங்க முறைப்படி விட்டீங்க? ஆறு வருசமா மொத குடம் அவிய வீட்டுக்குத்தான போகுது!"

வாசலில் நின்ற மாரியப்பன் சிரித்துவிட்டான். "பொய் சொல்லும்போது அண்ணாச்சி மூக்கைத் தேய்ப்பாரு. அவர் மூக்குல கை வச்சாலே இன்னைக்கும் நமக்குக் கடைசிதான்னு எனக்குத் தெரிஞ்சிபோகும்."

மூக்குக்குப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். "தெரிஞ்சும் ஏம்ல யாரும் கேக்கலை?"

"கேட்டா நிறுத்திருவீங்கல்லா" என்றாள் செல்வி.

கூடிக் கூடிப் பேசியது, நான் போன பிறகு முத்தம்மாவின் குடத்தை யார் தூக்கிக் கொடுப்பது என்றுதானாம். செல்வி நான் என்கிறாள், மாரியப்பன் நான் என்கிறான். ஒரு வேலைக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு வருவதை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. முத்தம்மாவிடமே போய்க் கேட்டேன். "எனக்குந் தெரியும்ணே. வேண்டாம்னு சொன்னா உங்க மூஞ்சி சுருங்கிப்போகும்னு வாங்கிக்கிட்டேன்" என்கிறாள். உன் பெண்டாட்டிகூட என்னை ஏமாற்றியிருக்கிறாள், பார்த்தாயா?

என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சேர்ந்து என் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் இத்தனை நாள் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த வரியை எழுதும்போது செல்வி மூக்கை உறிஞ்சுகிறாள். சளி என்கிறாள். அதையும் நான் நம்பவில்லை.

ஆனாலும் மாப்பிள்ளை, நான் இருக்கும்போது சொல்வது வேறு, இல்லாதபோது செய்வது வேறு. நேற்றுத் தண்ணீர் வந்தது. நான் வேண்டுமென்றே வெளியே போகவில்லை. கதவை ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், "இனிமேலாவது வரிசைப்படி விடலாம்லா?" என்று முனகினாள். "வரிசைப்படிதான் விடுதோம். எங்க வரிசை இங்கனருந்துதான் ஆரம்பிக்கும்" என்று மாரியப்பன் முத்தம்மாவின் குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தான். அந்தப் பெண் வேறொன்றும் சொல்லவில்லை. நேற்றைக்குச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து?

அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். தண்ணீர் வருகிற ஒவ்வொரு தடவையும் செல்வி எனக்குப் போன் போட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வளவில் எல்லோரும் பிளாஸ்டிக்குக்கு மாறியாயிற்று, முத்தம்மா மட்டும்தான் இன்னும் பித்தளைக் குடம். தண்ணீர் அதில் விழுகிற ஓசை எனக்குத் தெரியும். ஓசூரில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். என்றைக்காவது முதல் சத்தம் பிளாஸ்டிக்கில் விழுந்தால், அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து குழாயடியில் உட்கார்ந்துவிடுவேன். முருகன் என்ன சொன்னாலும் சரி.

படித்துக் காட்டச் சொல்லி முழுக்கக் கேட்டுவிட்டு, கீழே கைநாட்டு வைக்கிறேன்.

உன் முத்தம்மாவுக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
பெருமாள்