ஓட்டு இல்லாத தேர்தலும் என் வாளிகளும்

1988 மார்ச் 3, வியாழன்

காலையிலிருந்து மழை. வியாபாரம் மந்தம். என் பாத்திரக் கடைக்குள் கூட்டம் மட்டும் உண்டு, எல்லாம் மழைக்கு ஒதுங்கியது. ஒரு ஆள் அண்டா மேல் குடையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மதியம் கட்சிக் கிளைத் தலைவர் வந்தார். நகராண்மைக் கழகத்தில் ஒரு உறுப்பினர் இடம் காலியாம். தேர்தல் கிடையாது, நியமனம்தான். கிள்ளானில் எங்கள் வட்டாரத்திலிருந்து பெயர் அனுப்ப வேண்டும். ஆசைப்படுவது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று பக்கத்துக் கேசட் கடை ராஜு. 13ஆம் தேதி ஞாயிறு கோயில் மண்டபத்தில் இருவரும் பேச வேண்டும். தலைப்பு: யாரையும் ஒதுக்காத நகரம்.

ராத்திரி கமலாவிடம் சொன்னேன், மேடைக்குப் புதுச் சட்டை வேண்டும் என்றும். ஓட்டு யார் போடுவார்கள் என்று கேட்டாள். யாரும் போட மாட்டார்கள் என்றேன்.

"அப்ப எதுக்குங்க புதுச் சட்டை?"

மனைவிகளுக்கு அரசியல் புரிவதில்லை.

மார்ச் 5, சனி

வெயில். நகருக்கு என் முன்னுரிமைகள்:

1. சாலை முகப்பில் ஒரு பெரிய அலங்கார வளைவு
2. நீரூற்று (வண்ண விளக்குடன்)
3. கார் நிறுத்த இடம்
4. தெரு விளக்கு

கமலாவிடம் படித்துக் காட்டினேன். காய்கறி வாங்கும் பாசாரில் பெண்களுக்குக் கழிவறை என்றாள். ஒன்று இருக்கிறதே என்றேன். பூட்டித்தான் இருக்கிறதாம், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாதாம். பாசாருக்குப் போகிற காலையில் அவள் தண்ணீர் குடிப்பதே இல்லையாம். கல்யாணமாகி இத்தனை வருஷம், இது எனக்குத் தெரியாது. ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஐந்தாவதாக எழுதிக்கொண்டேன்.

முடிக்கு மை போட்டேன். காதிலும் பட்டுவிட்டது.

ராஜு கடை ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுநடுவே "அன்பார்ந்த பெரியோர்களே" என்று அவன் குரல். ஒத்திகையாம்.

மார்ச் 7, திங்கள்

அவமானம். கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் வாளிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைப்பது வழக்கம். உள்ளே வைத்தால் யார் பார்ப்பார்கள்? எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் நடைபாதையை வைத்திருக்கிறான். காலையில் ஒரு பெண் மோதி, மொத்தமும் சரிந்தது. சத்தம் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும். பார்வை இல்லாத பெண். கையில் வெள்ளைக் கோல். பெயர் விஜயா. பக்கத்துத் தெரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர். போன மாதம்தான் வேலைக்கு வந்திருக்கிறாள்.

நல்ல வேளை, அடி இல்லை. ராஜு பாட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்து, இது யாருடைய கடை என்று சத்தமாக விசாரித்தான். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறவன்.

மன்னிப்புக் கேட்டேன். அப்படியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் அழைத்தேன். முன்வரிசையில் உட்கார்ந்தால் தலைப்புக்குப் பொருத்தமாக இருக்கும். (இதைக் கமலாவிடம் சொல்லவில்லை.)

மார்ச் 9, புதன்

தூறல். விஜயாவுக்காக வாளிகளை நேற்று இடது பக்கம் தள்ளினேன். அங்கே தண்ணீர் சொட்டியதால் இன்று வலது பக்கம். மறுபடி மோதினாள். மறுபடி சரிந்தது. இந்த முறை கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், நீங்க எடுக்கக்கூட வேணாம்லா. தினம் ஒரே இடத்துல வைங்க, நான் பழகிக்குவேன். உங்க கடை நடந்துக்கிட்டே இருக்கு."

ராஜுவின் ஸ்பீக்கர் பெட்டியும் அஞ்சடியில்தானே இருக்கிறது, அதை மட்டும் எப்படித் தாண்டுகிறாள் என்று கேட்டேன். அது சத்தம் போடுவதால் இடம் தெரிகிறதாம்.

ராஜு கேட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குச் சத்தம் கூடுதல்.

மார்ச் 13, ஞாயிறு

மண்டபம் நிறைந்த கூட்டம். பிறகு சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

ராஜு முதலில். பார்வையற்ற சகோதரிக்கே தன் ஸ்பீக்கர்தான் வழிகாட்டி, ஆகவே எல்லாத் தெருவிலும் இசை வேண்டும் என்றான். கைதட்டல். நானும் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்து நான். வளைவில் ஆரம்பித்தேன். முன்வரிசையில் விஜயா கையைத் தூக்கினாள். நானே அழைத்து உட்காரவைத்த பெண். வளைவு நிற்க வேண்டுமானால் அதன் இரண்டு கால்களும் எங்கே வரும் என்று கேட்டாள். நடைபாதையில் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சிரிப்பு. வளைவை விட்டேன். நீரூற்றுக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் கமலா எழுந்தாள். தண்ணீர் இருக்கிறதென்றால் அதை முதலில் பாசார் கழிவறைக்குக் கொடுக்கக் கூடாதா என்றாள். பெண்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். ராஜுவின் மனைவியும். தெரு விளக்கு வரை நான் போகவே இல்லை.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நாளைக்கே வாளிகளை உள்ளே எடுக்கிறேன், ராஜு ஸ்பீக்கரை எடுப்பானா? எடுத்தால் அந்தப் பொண்ணுக்கு எப்படி வழி தெரியும் என்று ராஜு எகிறினான்.

விஜயா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ரெண்டு பேரும் எடுத்துட்டா, நான் ஏன் அங்கிள் வழி தேடணும்? நேராப் போயிருவேன்."

உடனே தலைவர் சாப்பாட்டை அறிவித்தார். கேசரியில் இனிப்பு போதவில்லை.

மார்ச் 14, திங்கள்

யார் முதலில் எடுப்பது? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் ராஜுவும் ஒருவரையொருவர் பார்த்தபடி. கடைசியில் ஒரே நேரத்தில் என்று ஒப்பந்தம். நான் ஒரு வாளி, அவன் ஒரு பெட்டி. அஞ்சடித் தரையில் பூப்போட்ட ஓடு இருப்பது இன்றுதான் தெரிந்தது. கடைக்குள் நானும் வாளிகளும் மட்டும் நிற்கலாம். வாங்க வருபவர் வெளியே நின்று கை காட்ட வேண்டும்.

பத்து மணிக்குள் காலி இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். நானும் ராஜுவும் சேர்ந்து இழுத்துச் சாலை ஓரத்தில் விட்டோம். அவன் ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தள்ள. பதினைந்து வருஷத்தில் சேர்ந்து செய்த முதல் வேலை. தலைவருடைய வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வருத்தம். வளர்ச்சி வேண்டியதுதான், அதற்காக இப்படியா என்றார்.

சாயங்காலம் விஜயா நடந்து போனாள். கோலைத் தட்டிப் பார்த்து, நின்று, இரண்டு கடைக்கும் நடுவில் "இருக்கீங்களா?" என்றாள். இருவரும் இருக்கிறோம் என்றோம். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நன்றாக இருந்தது.

மார்ச் 25, வெள்ளி

கிளை இரண்டு பெயரையும் அனுப்பியது. மேலிடம் இரண்டையும் விட்டுவிட்டது. பக்கத்து ஊர் மேருவில் லோரி வைத்திருக்கும் ஒருவர் நியமனம். இங்கே யாரும் கேள்விப்படாத ஆள்.

ராஜு கடையை அடைத்துவிட்டு வந்து சூடாக ஒரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்தான். இருவரும் மேரு ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் தாழ்வாகப் பேசினோம். ஆறுதலாக இருந்தது.

கமலா முகம் வாடியிருந்தது. எனக்காக என்று நினைத்தேன். கழிவறைக்காக.

மார்ச் 27, ஞாயிறு

ராஜுவின் வேனில் மேருவுக்கு, புது உறுப்பினரிடம் கழிவறை விஷயம் பேச. நான், கமலா, விஜயா. புதுச் சட்டை. புது உறுப்பினர் லோரிக்கு அடியில் படுத்திருந்தார். கை கழுவிக்கொண்டு வந்து உட்காரச் சொன்னார். நாற்காலிகள் ஒன்றிரண்டுதான். நல்ல மனிதர். பயந்துபோயிருந்தார். இரவெல்லாம் தூக்கமில்லையாம்.

என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "கவுன்சிலர்னா என்ன செய்யணும்ணே? யாருமே சொல்லலை."

தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினேன். கமலா அதற்குள் அவருடைய நாற்காலிக்கு எதிரே இன்னொன்றை இழுத்துப் போட்டு, சொல்லிக்கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.