படகின் மேல் ஒரு ‘கா’

மச்சான்,

உன் கருமாதிக்குப் பிச்சாவரத்துப் பக்கம் வந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மரப்படகில் சாக்பீஸால் ஒரு ‘கா’, அதைச் சுற்றி ஒரு வட்டம். உன் கைதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. என்ன இது என்று உன் தம்பியைக் கேட்டேன். பந்தக்கால் பிடுங்கிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

“‘காலி’ன்னு அர்த்தம்ணே. மேல பாத்தா பலக நல்லாத்தான் இருக்கும், உள்ளாற புழு தின்னுருக்கும். தட்டிப் பாத்துட்டு அண்ணன் அப்படித்தான் எழுதி வைக்கும்.”

சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன் என்று உன் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். என்ன சொல்லி உட்கார்ந்திருப்பேன்? இதே எழுத்தை நான் மண்ணுக்கு அடியில் பார்த்திருக்கிறேன்.

பட்டணத்தில் சுரங்க ரயில் வேலைக்கு நாம் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? நான் சேத்தியாத்தோப்பிலிருந்து டிப்ளமோவும் கையுமாக வந்த சூப்பர்வைசர். நீ மரப்படகு கட்டிய தச்சன், பைபர் படகு வந்த பிறகு உளியை மூட்டைகட்டி வைத்துவிட்டு வந்த ஆள். பயிற்சி வகுப்பில் இன்ஜினியர் படம் போட்டுக் காட்டினார். லண்டனில்தான் முதன்முதலில் பூமிக்கடியில் ரயில் விட்டார்களாம். தெருவை நீளக் குழியாக வெட்டி, ரயில் பாதை போட்டு, மேலே கூரையை மூடிவிடுவார்களாம். உள்ளே ஓடியதோ புகை கக்கும் கரி இன்ஜின். “மூச்சு முட்டிச் சாவலயா?” என்று நீ கேட்டதில் வகுப்பே சிரித்தது. மின்சாரம் வந்த பிறகுதான் ரயில் ஆழத்துக்குப் போனது, நம் நாட்டில் முதலில் கல்கத்தாவுக்கு வந்தது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கப்பல் கட்டையைத் துளைக்கும் ஒரு புழுவைக் காட்டினார். ஆற்றுக்கு அடியில் மண் சரியாமல் சுரங்கம் தோண்டும் யோசனை அந்தப் புழுவைப் பார்த்துத்தான் பிறந்தது என்றார்.

நீ எழுந்தே நின்றுவிட்டாய். “சார், எங்க படகத் தின்ன புழுவுக்கு இங்க வேல குடுத்து வச்சிருக்கீங்களா?” என்றாய். பிறகு டீக்கடையில் சிரிக்காமல் என்னிடம் சொன்னாய்: “அந்தப் புழு போற வழியெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கிட்டே போவும் மச்சான். நாம பூசாம உட்டுட்டுப் போயிடக் கூடாது.”

நம் வேலையே அந்தப் பூச்சுதான். இயந்திரம் மண்ணைக் குடைந்து முன்னே போகும். பின்னால் கான்கிரீட் வளையங்களை அடுக்குவார்கள். வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் சந்தில் நாம் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைப்போம். அது காய்ந்ததும் நீ சுத்தியால் தட்டிப் பார்ப்பாய். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு தட்டுவாய். “கெட்டி” என்பாய், அல்லது குழம்பு போதாதென்று “இன்னும் அடி” என்பாய். எப்போதும் வாயால்தான் சொல்வாய். நான் எழுதிக்கொள்வேன்.

ஒரே ஒரு நாள்தான் நீ எழுதி வைத்தாய். புயல் எச்சரிக்கை என்று ஊரிலிருந்து தகவல் வந்து, பாதி ஷிப்டில் ஓடினாய். என்னைத் தேடியிருக்கிறாய். நான் மேலே மீட்டிங்கில் இருந்தேன். இறங்கி வந்து பார்த்தபோது நாலு வளையத்தில் ‘கா’ போட்டு வட்டம் இருந்தது. காஞ்சிடுச்சு என்று படித்தேன் மச்சான். எனக்கு அந்தச் சுரங்கத்தில் ‘கா’ என்றால் வேறு என்ன? நாள் முழுக்க நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே அது காஞ்சுதா என்பதுதான். ரிஜிஸ்டரில் நாலுக்கும் ஓகே போட்டேன். சாக்பீஸை ஈரத்துணியால் நானே துடைத்தேன். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குச் சுவர் சுத்தமாக இருக்க வேண்டுமே.

புயல் கடந்து நீ திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அந்த நாலையும் பாத்துட்டியா மச்சான்?” என்பது. பாத்தாச்சு என்றேன். நீ நிம்மதியாகத் தலையாட்டினாய்.

சுரங்கம் முடிந்து ரயில் ஓடத் தொடங்கியது. திறப்பன்று நாமும் போனோம். ஏசி காற்றில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நீ மட்டும் ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு வந்தாய். ஓரிடத்தில் முகத்தைச் சுளித்தாய். என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றாய். நான் பாத்தாச்சு என்று சொன்னதை நம்பி உன் காதையே சந்தேகப்பட்டிருக்கிறாய்.

உன் மகள் இப்போது அதே ரயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். போன வாரம், கருமாதி முடிந்த மறுநாள், செலவைப் பற்றிப் பேச போன் செய்தவள், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். “மாமா, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு எடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரி கேக்குது. வெறும் பானைக்குள்ள பேசுற மாதிரி. மழ நாள்ல இன்னும் ஜாஸ்தி.” எந்த இரண்டு ஸ்டேஷன் என்று கேட்டேன். அவள் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும்.

இப்போது நான் இருக்கும் சிதம்பரம் அறையில் உட்கார்ந்து அன்றே ரயில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நாலு வளையங்களின் எண், தேதி, கையெழுத்து என்னுடையது, துடைத்ததும் நானே என்று ஒன்றையும் மறைக்கவில்லை. ரிஜிஸ்டர்டு தபாலில் போட்டேன். போனிலும் சொன்னேன். எழுதிக்கொண்டோம் என்றார்கள். ஆள் அனுப்பினார்களா என்று தினமும் கேட்கிறேன். பார்க்கிறோம் என்கிறார்கள். வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. அடைபடாத சந்து இருக்கும்போது தண்ணீர் எங்கே போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளை காலை ரயிலில் பட்டணத்துக்கு நானே நேரில் போகிறேன். உன் வீட்டில் கேட்டு வாங்கி வந்த உன் சுத்தி பையில் இருக்கிறது. சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ்.

உன் மகளை அந்த இடத்தைச் சரிபார்க்கும்வரை பஸ்ஸில் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன், முழுவதையும். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்பாவுக்கு இது தெரியுமா மாமா?”

“உங்கப்பாதாம்மா சொன்னான். எனக்குத்தான் படிக்கத் தெரியல.”