பெரிய எழுத்தில் மச்சானின் கடிதங்கள்

ராத்தா,

இன்று பாடசாலையில் கழித்துவிட்ட லெப்டொப் ஒன்றை ஆணி கழற்றித் திறந்தேன். பழைய பசையும் தூசியும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அந்த மணத்தோடு உங்கள் வீட்டு மேசையும் நீங்களும் அப்படியே வந்துவிட்டீர்கள்.

இரத்தத்தில் இருந்த சீனி வருத்தம் கண்ணில் இறங்கிய பிறகு, கடைப் பலகை எழுத்து மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்தது. ஒருநாள் அலுமாரியிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். மச்சான் சவூதியிலிருந்த காலத்தில் எழுதியவை.

"வாசிச்சுக் காட்டவா?" என்று கேட்டேன்.

"புருஷன் எழுதினதத் தங்கச்சி வாசிச்சா நல்லாவா இரிக்கும்? நான்தான் வாசிக்கணும் புள்ள."

அப்போது என் லெப்டொப் தேநீர் கொட்டிச் செத்துக் கிடந்தது. திரை மட்டும் பழுதில்லை. அதைக் கழற்றி, முதுகிலிருந்த இலக்கத்தைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் மின்சுற்றுப் போர்ட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். போர்ட்டைப் பூட்டினால் திரை தனியாகவே ஒரு சின்ன டீவி. கடிதத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு கமெராவும் வேண்டுமே. கல்முனையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில், வான் பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கிற கமெரா கேட்டேன்.

"என்ன வாகனத்துக்கு மிஸ்?"

"எங்கட ராத்தாக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீங்கள்தான் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

உடைந்த அலுமாரிப் பலகையில் சட்டம் அடித்துத் திரையை நிறுத்தினேன். கமெராவைக் கடிதத்துக்கு மேலே தொங்கவிட்டு, எழுத்துத் தெளியும்வரை அதன் வில்லையைத் திருகினேன். சுவிச்சைப் போட்டதும் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றது.

"அல்லாஹ்வே, தமிழும் அறபு மாதிரி வலத்தால வருதே!" என்றீர்கள்.

கமெராவிலிருந்த பச்சை வயர் வளையத்தை வெட்டினால் படம் நேராகும் என்று அதோடு வந்த தாளில் எழுதியிருந்தது. இருப்பதோ ஒரே கமெரா. பிஸ்மி சொல்லிக் கத்தரித்தேன். எழுத்து நேரானது. ஒவ்வொன்றும் பாதி உள்ளங்கை அளவு. நீங்கள் விரலைத் திரையில் வைத்து மெல்ல வாசிக்கத் தொடங்கி, சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"நீ அங்கால திரும்பி இரி."

யன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்த மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"நீங்க எழுதினதுதான்."

அவர் அவசரமாகச் சுவிச்சை நோக்கி வந்தார். நீங்கள் கையைப் பிடித்தீர்கள். "இரிங்க. இந்த வரி அப்பவும் எனக்கு விளங்கல்ல. என்ன எழுதியிரிக்கீங்க?"

வேர்வை பட்டு மை பரவியிருந்த வரி. மச்சான் குனிந்து பார்த்தார். பிறகு திரையைப் பார்க்காமலே சொன்னார்.

"'கோல் எடுக்கிறல்ல எண்டு கோவிக்காத. உன்ட குரலக் கேட்டா அடுத்த பிளேன்ல வந்திடுவன்.'"

அந்தக் காலத்தில் அவர் தன் தாய்க்கு ஃபோனில் கோல் எடுப்பார், உங்களுக்கு எடுக்கமாட்டார். அதை நீங்கள் எவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

"இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீ வாசிச்சிருப்பாய் எண்டு நினைச்சன்."

யாரும் கேட்காமலே நான் தேநீர் ஊற்றக் குசினிக்குப் போனேன்.

அதன்பிறகு அஸருக்குப் பின்னால் நீங்கள் இருவரும் அந்தத் திரைக்கு முன்னால்தான். நீங்கள் வாசிப்பீர்கள், அவர் தாள் அசையாமல் பிடித்துக்கொள்வார். கட்டு முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கினீர்கள். இரண்டு வருடம் அப்படிப் போனது. உங்கள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதில் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "கேட்டிரிக்கலாம் புள்ள. கேக்காமலே இரிந்துட்டன்." கவலையாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சொல் என்னோடு இருக்கிறது. போன கிழமை, பேராதனையில் படிக்கும் என் மகள் ஃபோனில் கதைத்து முடிக்கும்போது ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். முந்திய நான் என்றால் சலாம் சொல்லி ஃபோனை வைத்திருப்பேன்.

"என்ன சொல்ல வந்தாய் மகள்?" என்று கேட்டேன்.

அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.