டீக்கடை பெஞ்சும் கம்ப்யூட்டர் பெட்டியும்

இன்று காலை பிரிண்டர் கறகறவென்று ஒரு சீட்டைத் துப்பியது. ஓரத்துத் துளைப்பட்டையைக் கிழிக்கக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உம் மேசைக்கு ஓடினேன். முன்னால் போய் நின்ற பிறகுதான், நீர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது நினைவுக்கு வந்தது. சரி, மடலாகவாவது சொல்லிவிடுகிறேன். நம் திட்டம் பலித்துவிட்டது வே!

நம் கல்லூரி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீர் நூலகர், நான் அதற்கு மென்பொருள் எழுதிய கணக்கு வாத்தியார். தலைப்பைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் அலமாரி எண் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டவுணிலிருந்து அல்வா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன். அன்றைக்குத்தான் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அந்த மில் தொழிலாளி வந்தார். அடுத்த மாதம் பாய்லர் இயக்க உரிமம் வாங்கும் பரீட்சை, அதற்கொரு புத்தகம் வேண்டும். தட்டினேன். திரையில் ‘இல்லை’ என்று வந்தது. “சரி அண்ணாச்சி” என்று முகம் வாடிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டது பார்த்தீரா என்று நான் உம்மைப் பெருமையாகப் பார்த்தேன்.

நீர் வெடித்தீர். “இல்லன்னு சொல்லுததுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டி எதுக்குவே? எங்கன கெடைக்கும்னு சொல்லச் சொல்லும்!”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. “நம்ம அலமாரியில இல்லாதது அதுக்கு எப்படிவே தெரியும்?”

“எனக்குத் தெரியுதுல்லா!” என்று ஸ்கூட்டரை உதைத்தீர். பஸ் ஏற இருந்தவரைப் பிடித்துப் பின்னால் உட்காரவைத்து, மேலப்பாளையம் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினீர்.

உமக்கு எப்படித் தெரியும்? எல்லாம் சனிக்கிழமை சாயங்கால டீக்கடை பெஞ்சுதான். சுற்றுவட்டார நூலகர்களெல்லாம் கூடி, யாரிடம் என்ன வந்தது, யார் எதைக் கேட்டு வெறுங்கையோடு போனார் என்று பேசித் தீர்ப்பீர்கள். வெட்டிப்பேச்சு என்று நான் கேலி செய்வேன். “அந்த பெஞ்சத்தான்வே பெட்டிக்குள்ள போடணும்” என்றீர். அன்று தொடங்கிய வேலை. பிளாப்பிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு நூலகத்துப் பட்டியலாகச் சேர்க்க ஊர் ஊராய்ப் பஸ்ஸில் அலைந்தீர். முடிவைப் பார்க்க மட்டும் இருக்கவில்லை. நினைத்தால் உம்மேல் கோபம்கூட வருகிறது. சனிக்கிழமை பெஞ்சுக்கு இப்போது நானும் போகிறேன், தெரியுமா?

இன்று டெலிபோன் கம்பி வழியே தகவல் வந்து அச்சான சீட்டைக் கேளும்: ‘இங்கே இல்லை. மேலப்பாளையத்தில் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை திரும்பி வரும். உங்களுக்காக எடுத்து வைக்கட்டுமா?’ புத்தகம் கேட்ட மாணவி துள்ளாத குறை. நான் துள்ளியே விட்டேன். இன்னும் எவ்வளவோ செய்யலாம் வே! பரீட்சை வருகிறதென்றால், கேட்பதற்கு முன்பே புத்தகம் எங்கே என்று பெட்டியே ஆளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பலர் கேட்டும் கிடைக்காததை, வாங்கிப் போடு என்று அதுவே நம்மை நச்சரிக்க வேண்டும்.

மத்தியானம் உம்மைத் தேடி ஒருவர் வந்தார். அதே பாய்லர்காரர். அந்தப் பரீட்சையில் தேறிவிட்டாராம். மில் தொழிலாளர்களின் வாசகசாலையையும் இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். நீர் இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதோடு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பத் திரும்பப் படித்தார்.

“எங்க வாசகசாலையையும் இதுல சேக்க முடியுமா அண்ணாச்சி?”

“சனிக்கிழம டீக்கடைக்கு வாரும்” என்றேன். “பெஞ்சுல ஒரு எடம் இருக்கு.”